வீட்டைத் தூக்கிச் செல்வது இலாபமா?

அந்நிய மண்ணில் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்னும் ஆசை எம்மவர் எவரையும் விட்டுவைத்ததில்லை. சுவரில் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரரின் அனுமதி கேட்டு வாழ்ந்தவர்களுக்கு அந்த ஆசையின் அருமை தெரியும். நியூசிலாந்தில் வாழும் எமக்கு அதனை நிறைவேற்ற, பிறநாடுகளில் அதிகம் காணப்படாத ஒரு வழி உண்டு. வேறொருவர் வேண்டாமென்று விட்ட பொருத்து வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்கி, லொறியில் ஏற்றி, எமது காணியில் கொண்டுவந்து இருத்துவதே அவ்வழி. அது பயன்தருமா என்று அண்மையில் பலர் என்னிடம் வினவினர். ஊரில் கட்டடத் திணைக்களத்தில் படவரைஞனாகப் பணியாற்றியவன் என்பதாலும், என் மருமகன் இவ்வழியில் வீடு கண்டவன் என்பதாலும் இதனை எழுதுகின்றேன்.

'பொருத்து வீடு' என்றவுடன் எம்மவர் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கின்றது. 2016ஆம் ஆண்டில் வடக்கு, கிழக்கில் 65,000 இரும்புப் பொருத்து வீடுகளை அமைக்க இலங்கை அரசு முற்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா என்றார்கள். அப்பணத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்வீடுகளைக் கட்டலாமே, எமது வெயிலுக்கு இரும்பு உகந்ததா, உள்ளூர் மேசன்மாருக்கு வேலை எங்கே என்று எம்மக்கள் கேட்டது நியாயமே. ஆனால் அங்கே பேசப்பட்டது புதிய இரும்பு வீடு. இங்கே நாம் பேசுவது பல்லாண்டு மழையையும் காற்றையும் தாங்கி நிற்கும் மரவீடு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

இந்நாட்டவருக்கு வீடு என்பது இடம்பெயரக்கூடிய பொருள். 1840இல் மாவோரி மக்களுக்கும் பிரித்தானிய முடிக்குமிடையில் உடன்படிக்கை முதன்முதலாகக் கைச்சாத்திடப்பட்ட வைத்தாங்கியில் நிற்கும் புகழ்பெற்ற வீடே, சிட்னியில் மரச்சட்டங்கள் அறுக்கப்பட்டுக் கப்பலில் வந்து, 1833-34இல் பொருத்தப்பட்டதுதான். 1923 முதல் 1929 வரை ஹமில்டன் நகரின் பிராங்க்டனில் புகையிரதத் திணைக்களம் ஒரு தொழிற்சாலை நடத்தித் தன் தொழிலாளருக்கான வீடுகளைத் துண்டு துண்டாகச் செய்து புகையிரதத்திலேயே அனுப்பியது. தெற்குத் தீவில் மின்சக்தித் திட்டத்துக்காக 1968இல் தொடங்கப்பட்ட ருவைசல் நகரம், வேலை முடிந்ததும் கலைக்கப்படவேண்டியதாகவே திட்டமிடப்பட்டது. குடியிருந்தவர்கள் போராடி 1983இல் அதனைக் காப்பாற்றிக்கொண்டனர்.

எந்த வீட்டைத் தூக்கலாம் என்பது சுவரில் இல்லை, தரையில் இருக்கின்றது. கொங்கிறீற் தளத்தின்மீது கட்டிய வீட்டை அசைப்பது எளிதன்று. குட்டைத் தூண்களின்மேல் மரத்தளம் அமைத்துக் கட்டிய வீட்டின் அடியில் மனிதன் தவழ்ந்து செல்ல இடமுண்டு. அங்கே தீராந்திகளைச் செலுத்தி, ஜக்குகளால் சிறிது சிறிதாக உயர்த்தி லொறியை உள்ளே விடுவார்கள். செங்கற் புகைபோக்கியை முதலில் இடித்துவிட வேண்டும். அகலமான வீட்டை இரண்டாக அறுப்பார்கள். ஆகவே வாங்கப்போகிறவர் வர்ணத்தையும் குசினியையும் பார்த்து மயங்காமல், ஒரு கைவிளக்குடன் தரையின் அடியில் தவழ வேண்டும். அடிச்சட்டங்கள் உளுத்திருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். தச்சு வேலை தெரிந்த என் மருமகனும் மனைவியும் ஒன்பது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வைக்காற்றோவில் ஒரு காணி வாங்கியிருந்தனர். அவன் கண்டுபிடித்த வீடு 1950களில் கட்டப்பட்ட, மூன்று அறைகள் கொண்ட மரவீடு. அதன் விலையை ஒரு பங்கு என்று கொள்வோம். தூக்கி ஏற்றி இறக்கும் கூலி இரண்டு பங்கு. புதிய தூண்கள், தண்ணீர், மின்சாரம், மலக்குழி ஆகியவற்றுக்கு மூன்று பங்கு. நகரசபைக் கட்டணம், பொறியியலாளர், கூரைத் திருத்தம், குளிர்காப்பு என்று இன்னும் இரண்டு பங்கு. மொத்தம் எட்டு. அதே அளவிலான புதிய வீட்டுக்கு அவனிடம் கேட்கப்பட்டதோ பதினொரு பங்கு. மிச்சம் மூன்று. ஆனால் பத்து மாத வார இறுதிகள் முழுவதும் அவனும் நண்பர்களும் உழைத்த உழைப்பு இக்கணக்கில் இல்லை. அதனைக் கூலிக்குக் கொடுத்திருந்தால் அந்த மூன்றில் இரண்டு கரைந்துபோயிருக்கும்.

வீடு வந்த இரவை நான் மறக்கமாட்டேன். போக்குவரத்துக் குறைந்த நள்ளிரவுக்குப் பின், முன்னும் பின்னும் வழிகாட்டி வாகனங்கள் விளக்கு மின்ன, வீட்டின் இரு பாதிகள் இரண்டு லொறிகளில் ஊர்ந்து வந்தன. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெட்டியொன்றுடன் வெளியேறிய என் அக்கா, போர்வையைப் போர்த்துக்கொண்டு தெருவோரம் நின்றிருந்தார். "எங்கட வீட்டையும் இப்பிடித் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம் எல்லோ, தம்பி" என்றார். நான் பதில் கூறவில்லை. ஊரில் எமது சுவர்களைத் தூக்க முடியாமற் போனவர்கள் கதவு நிலைகளையும் ஓடுகளையுமாவது கழற்றி வண்டியில் ஏற்றிச் சென்றதைக் கண்டவர்கள் நாங்கள்.

உணர்ச்சி ஒருபுறமிருக்க, பணம் கொடுக்குமுன் கவனிக்கவேண்டியவை சில. முதலாவது, காணி உறுதி. புதிதாகப் பிரிக்கப்பட்ட காணிகள் பலவற்றில், வேறிடத்திலிருந்து பழைய வீட்டைக் கொண்டுவரக் கூடாது என்னும் நிபந்தனை எழுதப்பட்டிருக்கும். சட்டத்தரணியிடம் காட்டாமல் கையொப்பம் இடாதீர்கள். இரண்டாவது, நகரசபை அனுமதி. கட்டட அனுமதியின்றி வீட்டை இருத்த முடியாது. திருத்த வேலைகளை முடிப்பதற்கு உத்தரவாதமாகப் பிணைப்பணம் கேட்கும் சபைகளும் உண்டு. மூன்றாவது, அஸ்பெஸ்டஸ். 2000ஆம் ஆண்டுக்கு முந்திய வீடுகளின் சுவர்த் தகடுகளிலும் கூரையிலும் அது இருக்கக்கூடும். பத்துச் சதுர மீற்றருக்கு மேற்பட்டதை உரிமம் பெற்றவரே அகற்ற வேண்டும். அச்செலவு வீட்டின் விலையை விழுங்கிவிடலாம். நான்காவது, வங்கி. லொறியில் நிற்கும் வீட்டை ஈடாக ஏற்கப் பல வங்கிகள் தயங்கும். அது தூண்களில் உறுதியாக இருத்தப்பட்ட பின்னரே பணம் தருவன. அதுவரை செலவைத் தாங்கக் கைப்பணம் வேண்டும். வழிப்பயணத்துக்கான காப்புறுதி யாருடைய பொறுப்பு என்பதையும் எழுத்தில் பெறுங்கள்.

ஆகவே என் முடிவு இதுதான். காணி கடனின்றிக் கையில் இருந்து, அக்காணிக்கு லொறி செல்லும் வழியும் இருந்து, குடும்பத்தில் ஒருவருக்காவது கைவேலை தெரிந்து, ஓராண்டு பொறுத்திருக்கவும் முடியுமாயின், பழைய பொருத்து வீட்டைக் கொண்டுவருவது பயனுடையதே. கணவனும் மனைவியும் மாறி மாறி இரவு வேலைக்குச் சென்று, வாடகையும் கட்டி, கடன் வாங்கித்தான் காணியே எடுக்கவேண்டும் என்ற நிலையில் உள்ள குடும்பத்துக்கு இது உகந்ததன்று. அவர்கள் நகரத்தில் சிறியதாயினும் கட்டி முடிந்த வீடொன்றுக்குப் பணம் சேர்ப்பதே நன்று. வீட்டின் விலை மலிவு என்று கேட்டவுடன் முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். லொறியில் வருவது மரமும் கூரையும் மாத்திரமே. தண்ணீரும் வழியும் அயலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் காணியோடு வருபவை. முதலில் காணியைப் பாருங்கள். வீடு பிறகு வரட்டும்.