சிங்கப்பூரில் ஏழு நாள்

அலங்காநல்லூர்க்காரருக்கு ஊர் என்றால் வாடிவாசல்; பட்டணம் என்றால் மதுரை. அதற்கு அப்பாலும் உலகம் இருக்கிறது என்பதைக் குழந்தைகளுக்குக் காட்டிவிடுவது என்று தீர்மானித்து, இந்தக் கோடை விடுமுறையில் குடும்ப சகிதமாகச் சிங்கப்பூருக்குப் பிரயாணமானோம்.

வானத்தை முட்டும் மாளிகைகளைப் பற்றியும், சிங்கத் தலையும் மீன் உடலுமாக நின்று நீரை உமிழும் சிலையைப் பற்றியும் நான் எழுதப் போவதில்லை. அவற்றையெல்லாம் நேயர்கள் படங்களில் பார்த்திருப்பார்கள். முதல் இரண்டு நாள் அவற்றுக்கே போயின. மூன்றாம் நாள்தான் எனக்குச் சிங்கப்பூர் கண்ணில் பட்டது.

சீனர்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியின் நடுவே, சவுத் பிரிட்ஜ் வீதியில், ஒரு கோபுரம்! 1819-ல் ராபிள்ஸ் துரையோடு வந்த நாராயண பிள்ளை 1827-ல் தோற்றுவித்த மாரியம்மன் ஆலயம் அது. அதே வீதியில் சிறிது தூரத்தில், தமிழ் முஸ்லிம்கள் 1826-ல் ஏற்படுத்திய ஜாமிஆ பள்ளிவாசல். ஒரு பக்கத்துத் தெருவுக்குக் கோயில் தெரு என்று பெயர்; இன்னொன்றுக்கு மசூதித் தெரு. என் மனைவி அம்மனுக்கு முன் கைகூப்பி நின்றவள், "நம் ஊர் அம்மன் நமக்கு முன்பே கப்பலேறி வந்துவிட்டாளே!" என்றாள்.

மறுநாள் சிராங்கூன் சாலை. பூக்கடையும் பலசரக்குக் கடையும் தமிழ்ப் பத்திரிகையுமாக, மதுரை மாசி வீதியே இங்கு வந்துவிட்டதோ என்று தோன்றும். அங்கே ஒரு தெருவின் பெயர் 'பபலோ ரோடு'. அவ்வட்டாரத்தின் மலாய்ப் பெயருக்கும் எருமைத் தொழுவம் என்றே பொருள். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இங்கே மாட்டு வியாபாரம் ஓங்கி நடந்ததாம். இதைச் சொன்னதும் என் பையனுக்கு ஏற்பட்ட பெருமையைப் பார்க்க வேண்டுமே! மாடு என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்படி.

ஆனால் சந்தோஷத்தோடு மட்டும் பார்க்கக்கூடிய நகரமல்ல இது. வெண்ணிறமாக ஜொலிக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் மாதா கோயிலைக் கட்டியவர்கள், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் வெல்லமும் சேர்த்து அரைத்த 'மதராஸ் சுண்ணாம்பு'தான் அதன் உட்சுவர்களுக்குப் பூசப்பட்டது. தாவரத் தோட்டத்துக்குப் போனோம். 1877-ல் வந்த ரப்பர்க் கன்றுகளும், மரம் சாகாமல் பட்டையைக் கீறிப் பாலெடுக்க ரிட்லி என்பவர் அங்கே கண்ட முறையும் மலாயாவெங்கும் தோட்டங்களைப் பரப்பின. அத்தோட்டங்களில் பால் வெட்டத்தான் நம் ஜனங்கள் ஆயிரமாயிரமாகக் கப்பலேறினார்கள். அழகான அந்தச் செடிகளின் நிழலில் எத்தனை குடும்பங்களின் கண்ணீர் காய்ந்திருக்கிறது!

அந்தக் கண்ணீரே பிறகு நெருப்பாயிற்று. 1943 ஜூலை 5-ந் தேதி, நகர மண்டபத்துக்கு எதிரிலுள்ள பாடாங் மைதானத்தில் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பை நேதாஜி பார்வையிட்டு, "டில்லிக்குச் செல்வோம்!" என்று முழங்கினார். அதே ஆண்டில் அமைந்த ஜான்ஸி ராணிப் படையில், ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள் பலர் துப்பாக்கி ஏந்தினார்கள். உயிர்நீத்த வீரர்களுக்காக நேதாஜி 1945 ஜூலையில் கடற்கரையோரம் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் செப்டம்பரில் தகர்த்தெறிந்தார்கள். 1995-ல் சிங்கப்பூர் அரசாங்கம் அவ்விடத்தில் ஒரு நினைவுக் குறி அமைத்தது.

"அப்பா! இவ்வளவு சிறியதாக இருக்கிறதே?" என்று கேட்டாள் பத்து வயதுப் பெண்.

"இதையும் இருக்கவிடக் கூடாது என்று ஒரு சாம்ராஜ்யமே பயந்தது, அம்மா" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் புல்வெளிகளில், கட்டிட வேலைக்கு வந்த நம் பக்கத்து இளைஞர்கள் கூடியிருந்தார்கள். ஊரில் மழை பெய்ததா என்றுதான் முதலில் விசாரித்தார்கள். இன்றும் அந்த மாளிகைகள் நம்மவர் கையால்தான் உயர்கின்றன. தமிழை ஆட்சி மொழிகளில் ஒன்றாக வைத்துக் கௌரவிக்கும் அந்நகரத்துக்குச் செல்லும் தமிழர்கள், அண்ணாந்து பார்ப்பதோடு நின்றுவிடாமல், அஸ்திவாரத்தையும் ஒரு நாள் பார்த்து வர வேண்டும்.