காற்றிறங்கிய காரணம்

இருப்புப்பாதைக்குக் கிழக்கே எமது கல்லூரி. மேற்கே யான் வசிக்கும் முடிச்சூர். இவ்விரண்டிற்கும் இடையே நாள்தோறும் என்னைச் சுமந்து செல்வது என் தந்தையார் பல்லாண்டு ஓட்டிய பழைய மோட்டார் சைக்கிள். முழங்கால் வலி கண்டபின் அவர் அதனை என்னிடம் ஒப்புவித்தார். ஒப்புவித்த அன்று கூறியது ஒன்றே: “காற்றுக் குறைந்த வண்டியை ஜி.எஸ்.டி. சாலையில் ஏற்றாதே.”

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாத முதல் வாரத்தில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்தபொழுது இவ்வண்டி மூன்று நாள் நீரில் மூழ்கி நின்றது. அப்பொழுது யான் சிறுவன். மாடியிலிருந்து நோக்கினால் அதன் கைப்பிடிகள் இரண்டு மட்டுமே தெரிந்தது நினைவிருக்கிறது. வெள்ளம் வடிந்தபின் தந்தையார் எஞ்சினைப் பிரித்துச் சேற்றை அகற்றி, எண்ணெய் மாற்றி, வண்டியை மீண்டும் ஓடச்செய்தார். சக்கரங்கள் உருண்டன, ஆதலின் அவற்றைக் குறித்து எவரும் கவலை கொள்ளவில்லை.

நிற்க. சென்ற மார்கழியில் ஒருநாட் காலை பின்சக்கரம் தளர்ந்திருக்கக் கண்டேன். காற்றடித்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தேன். இரண்டு நாள் கழித்து மீண்டும் தளர்ந்தது. சாலையோரத்துப் பஞ்சர்க் கடையிற் காட்டினேன். கடைக்காரர் டயரின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்து, “ஆணி ஒன்றுமில்லை, தம்பி” என்று கூறி, ட்யூபில் இருந்த ஊசிமுனையளவு துளைக்கு ஒட்டுப் போட்டு மாட்டிவிட்டார். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பின்னர்ப் பழைய கதையே.

ஆணியின்றித் துளை ஏது? ஒட்டியபின்னும் காற்று எங்ஙனம் போகும்? இவ்வினாக்களை யான் சக்கரத்தினிடம் கேட்டிருக்க வேண்டும். கேளாமல், கீழ்வீட்டிற் குடியிருப்போரின் மகனை நினைத்தேன். எட்டாம் வகுப்பிற் படிக்கும் அப்பையன் முன்னொருமுறை பால்காரருடைய சைக்கிளிற் காற்றைப் பிடுங்கிவிட்டு அகப்பட்டவன். எங்கள் வண்டி நிற்பதோ அவன் வீட்டு வாயிலருகே. இதற்குமேற் சாட்சியம் வேண்டுமோ என்று என் மனம் தீர்ப்பெழுதிவிட்டது. அவன் தந்தையாரிடம் சென்று, கூடியமட்டும் மரியாதையாகவே, முறையிட்டேன். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பையனை அழைத்தார், அடித்தார். “நான் இல்லைப்பா” என்று அவன் இருமுறை கூறினான், அப்புறம் கூறவில்லை. யான் படியேறி மாடிக்கு வந்துவிட்டேன்.

பொங்கல் விடுமுறைக்கு அவர்கள் குடும்பத்தோடு சொந்த ஊர் சென்றனர். வீடு நான்கு நாள் பூட்டிக் கிடந்தது. வாயிற்கதவுக்கும் பூட்டு, திறவுகோல் எங்களிடம். போகிக்கு முன்னாள் யான் முழுக் காற்றும் அடித்து நிறுத்திய வண்டி, அவர்கள் திரும்பிவரும் நாளிற் பின்சக்கரம் தரையோடு அமுங்கி நின்றது.

அன்றைக்கு எனக்கு உண்டான வெட்கத்தை விரித்தெழுத விரும்பவில்லை. ஆயின் பையன் நிரபராதி என்று மட்டும் சென்று சொல்வதினும், காரணம் இன்னது என்று கையிற் கொண்டு செல்வதே முறையெனத் தோன்றியது. பௌதிகம் பயில்பவனாகிய யான் ஆய்வுச்சாலையில் வெப்பமானியின் கோடுகளைக் கண்ணிமையாது எண்ணுகிறேன். வாயிலில் நின்ற வண்டியைக் குறித்து ஒரு குறிப்பேனும் எழுதினேனில்லை. ஆதலின் காற்றழுத்தமானி ஒன்று வாங்கினேன்.

கடைக்காரர்கள் ‘முப்பது’ என்றால் சதுர அங்குலம் ஒன்றுக்கு முப்பது இராத்தல் என்பது பொருள். முப்பது வைத்து, நாள்தோறும் காலை ஆறு மணிக்கு, வண்டியை ஓட்டாமலே அளந்தேன். நேரம் மாறாமை முக்கியம். விடியலுக்கும் நண்பகலுக்கும் ஒன்பது பாகை வெப்ப வேறுபாடு உண்டெனின், யாதொரு கசிவும் இன்றியே அழுத்தம் ஏறக்குறைய ஒன்றேகால் இராத்தல் ஏறியிறங்கும். ஓடிச் சூடேறிய டயரில் இன்னும் மிகும். மானியை வைத்து எடுக்குந்தோறும் சிறிது காற்று தப்பிவிடுமாதலால் அடிக்கடி அளப்பதும் தவறு. பின்சக்கரம் மறுநாள் 26, அதற்கடுத்த நாள் 23, பிறகு 20½ காட்டியது. முன்சக்கரமோ வைத்த இடத்திலேயே நின்றது. இப்பட்டியலை நோக்கியபொழுது பையன்மேல் யான் சாட்டிய குற்றம் முன்னமே பொய்யென்று விளங்கியிருக்க வேண்டுமே எனத் தோன்றிற்று. குறும்பன் வால்வை அமுக்கினால் காற்று ஒருங்கே போகும். நாள்தோறும் கணக்காக, அழுத்தம் குறையக் குறையத் தானும் குறைந்து, இங்ஙனம் இறங்காது.

எந்த ரப்பரும் காற்றை முற்றிலும் அடைத்து வைப்பதன்று. குழந்தைகளின் பலூன் ஓரிரு நாளிற் சுருங்குவது முடிச்சு நெகிழ்ந்ததனால் மட்டுமன்று. மெல்லிய இயற்கை ரப்பரினூடே காற்று ஊடுருவிச் செல்வதனாலுமாம். பலூன் என்றதும் நம் கல்லூரியிற் பயின்ற மாம்மன் மாப்பிள்ளையவர்களை நினையாதிருக்க இயலவில்லை. அவர் 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையிற் பலூன் செய்யத் தொடங்கியதே பின்னாளில் மதராஸ் ரப்பர் பாக்டரியாகி, 1961-இல் டயர் செய்யும் தொழிலிற் புகுந்தது. காற்றை மிகக் குறைவாகவே கசியவிடும் பியூட்டைல் ரப்பரை அமெரிக்காவில் ஸ்பார்க்ஸ், தாமஸ் என்னும் இருவர் கண்டறிந்தது 1937-இல். நம் கல்லூரி சென்னை நகரை விட்டுத் தாம்பரத்திற்கு வந்ததும் அவ்வாண்டே. இரண்டிற்கும் தொடர்பொன்றும் இல்லை. எனினும் எனக்கு அது மகிழ்ச்சி தந்தது. நல்ல ட்யூப் ஒரு மாதத்தில் ஓரிரண்டு இராத்தல் இழப்பது இயல்பு. நாளொன்றுக்கு மூன்று நான்கு இழப்பது நோய்.

நோயின் இடம் யாது? முதலில் வால்வின் மூடியைக் கழற்றி, விரலால் எச்சில் தொட்டு வாயில் வைத்தேன். நாகரிகமற்றதாயினும் இதனினும் விரைவான சோதனை இல்லை. குமிழி எழவில்லை. டயரின்மேல் சோப்பு நீர் ஊற்றிச் சக்கரத்தை மெல்லச் சுழற்றினேன். ஓடும் பரப்பிலும் பக்கங்களிலும் ஒன்றுமில்லை. ஆனால் ஆரைக்கம்பிகள் ரிம்மிற் புகும் துளைகளில் இரண்டின் வாயில், கடுகினும் சிறிய நுரை மெல்லத் திரண்டது. காற்று வெளியேறும் வாயில் அகப்பட்டது. ஆயினும் ட்யூபினின்று கசிந்த காற்று உள்ளே ஊர்ந்து எந்தத் துளை எளிதோ அதன்வழியே வருமாதலால், நுரை கண்ட இடமே ஓட்டையின் இடம் என்று கொள்ளலாகாது.

ஞாயிற்றுக்கிழமை சேலையூர்ப் பக்கத்திற் கடை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் நெம்புகோலைத் தொடுமுன்னரே சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, வால்வு நிற்குமிடத்தை டயரின்மேற் குறித்தார். ட்யூப் சுழலும் திசைக்கும் ஓர் அம்புக்குறி இட்டார். “இது இல்லாமல் கழற்றினால், தம்பி, ஓட்டை கிடைக்கும், காரணம் கிடைக்காது” என்றார். முன்னைக் கடையில் நேர்ந்தது அதுவேயென அப்பொழுதுதான் உணர்ந்தேன்.

ட்யூபை உப்பச்செய்து தொட்டியில் அமுக்கினார். பழைய ஒட்டு உறுதியாக இருந்தது. அதற்கு இரண்டங்குலத்திற்கப்பால் நூலிழைபோற் குமிழிகள் எழுந்தன. துளையின் இடத்தைக் கொண்டே அவர் வழக்கை விளக்கினார். டயரை நோக்கிய வெளிப்புறத்திலெனின் ஆணியோ முள்ளோ கண்ணாடித் துண்டோ காரணம். அருகருகே இரண்டு கீறலெனின், காற்றுக் குறைந்த வண்டி பள்ளத்தில் மோதி, ட்யூப் ரிம்முக்கும் டயருக்கும் இடையே நசுங்கியது. வால்வின் அடியிற் கிழிந்திருப்பின், காற்றுக் குறைவால் டயர் ரிம்மின்மேல் நகர்ந்து ட்யூபையும் இழுத்தது. எமது ட்யூபிலோ பழைய ஒட்டு, புதிய துளை இரண்டும் ரிம்மை நோக்கிய உட்புறத்தில் இருந்தன. “ஆணியைத் தேடியவர் வெளியே தேடினார், இது உள்ளே இருக்கிறது” என்றார் முதியவர்.

அளந்து, ட்யூபின் துளைக்கு நேரான இடத்தில் ரிம் டேப்பை நீக்கினார். அது நைந்து கையோடு வந்தது. அடியில், ஒரு சாண் நீளத்திற்கு இரும்பு செதில் செதிலாகத் துருவேறி, அரத்தின் முகம்போல் இருந்தது. அத்துருவின் இடுக்கில், உலர்ந்து கல்லாகிப்போன சாம்பல் நிற வண்டல். முடிச்சூரில் வெள்ளங்கண்ட எவரும் அவ்வண்டலை மறவார். ஆரைக்கம்பித் துளைகளின்வழியே புகுந்த நீர் டேப்பினடியில் தங்கித் துருவை விதைத்திருக்கிறது. பத்தாண்டுகளாக அது மெல்ல வளர்ந்து, டேப் நைந்தபின், சக்கரம் உருளுந்தோறும் அசையும் ட்யூபை உராய்ந்து ஊசித்துளை இட்டிருக்கிறது. ஒட்டினால் பக்கத்தில் மற்றொன்று. துளை சிறிது, உள்ளழுத்தமோ ட்யூபை ரிம்மோடு நெருக்கிப் பாதி அடைத்துவிடும். கசிவு ஒரே இரவில் முடியாமல் நாட்கணக்கில் நீண்டது இதனாலேயே.

உப்புத்தாளால் ரிம்மைத் தேய்த்து, துருத்தடுப்பு வர்ணம் பூசி உலரவைத்து, நீண்டிருந்த கம்பிமுனைகளை அராவி, புதிய டேப்பும் புதிய ட்யூபும் இட்டுத் தந்தார். ட்யூபற்ற டயர் பூட்டிய இக்கால வண்டிகளில் இவ்வழக்குச் சிறிது மாறும்: ஆணி தைத்தபடியே நின்று மெல்லக் கசியவிடும், அன்றேல் டயரின் விளிம்பு ரிம்மிற் பதியும் இடத்தில் அழுக்கோ துருவோ இருக்கும், அல்லது வால்வின் ரப்பர் தண்டு வெடித்திருக்கும். சோப்பு நீர் அங்கும் அதே தொண்டு செய்யும்.

பழைய ட்யூபை ஒட்டவேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மாலையில் அதனைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். தந்தையார் திறந்தார், பையன் புத்தகத்தினின்று தலை நிமிரவில்லை. நடந்ததனைத்தையும் ஒளிக்காமற் கூறினேன். “தவறு என்னுடையது, அடி அவனுக்கு விழுந்தது” என்றேன். அவர் வெகுநேரம் ட்யூபையே பார்த்துக்கொண்டு நின்றார். யான் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதற்கு விடை கூறவில்லை.

சற்று நேரத்திற்குப்பின், “ஓட்டை எங்கே?” என்றான்.

குளியலறையினின்று அவனே வாளியில் நீர் கொணர்ந்தான். சைக்கிள் பம்பால் அவனே காற்றடித்தான். சிறிது சிறிதாகத் திருப்பி நீரில் அமுக்கிக்கொண்டே வந்தவன், ஓரிடத்தில் கையை நிறுத்தினான். நூலிழைபோல் எழுந்தன குமிழிகள். அவன் என்னை நோக்கவில்லை.

“அப்பா, பாருங்கள்” என்றான்.