பீடத்தின் அடியில்

தலைச்சன் பேற்றுக்காக எங்கள் மகள் தாய்வீடு வந்திருந்த வேளையில், வீட்டுப் பூனையாகிய செல்லியும் சூலுற்றிருந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு கர்ப்பிணிகள்! மகள் சிரித்தாள், எங்கள் அத்தை சிரிக்கவில்லை.

"பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டிலே பூனை ஆகாது. சாக்கிலே போட்டுக் கிரிவலப் பாதையிலே விட்டுவிட்டு வாருங்கள்" என்றார்.

வெறும் மூடநம்பிக்கை என்று அதைத் தள்ளிவிடவும் எங்களால் இயலவில்லை. பூனையின் மலத்தின் வழியே டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் பரவுவதுண்டு. கருவிலிருக்கும் சிசுவின் கண்ணையும் மூளையையும் அது பாதிக்கக்கூடும். மகளைக் கவனித்து வந்த பெண் மருத்துவரையே கேட்டோம். பூனையை விரட்ட வேண்டியதில்லை என்றார் அவர். கழித்த உடனே அக்கிருமி தொற்றும் நிலையில் இராதாம். அந்நிலையை அடைய ஒரு நாளாவது செல்லுமாம். ஆகவே மணல் தட்டை நாள்தோறும் வேறொருவர் சுத்தம் செய்துவிட வேண்டும். கர்ப்பிணி அதைத் தொடலாகாது. பூனைக்குப் பச்சை இறைச்சி கூடாது. மகளும் நன்றாக வெந்த இறைச்சியையும் கழுவிய காய்கறிகளையுமே உண்ண வேண்டும். மணல் தட்டு எங்களுள் ஆண்மகனின் பொறுப்பாயிற்று. எங்கள் இல்லறத்தில் அவர் முணுமுணுக்காமல் ஏற்ற முதல் வீட்டு வேலை அதுவே என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

அத்தையை மசிய வைத்தவர் மருத்துவர் அல்லர், பால்கார அம்மாள். "ரமணாசிரமத்திலே லட்சுமிப் பசுவுக்குச் சமாதியே இருக்கிறது. இந்த ஊரிலே இருந்துகொண்டு வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிற ஜீவனைத் துரத்தலாமா?" என்று அவர் கேட்டுவிட்டார். 1948 ஜூன் 18 அன்று அப்பசு இறக்கும் தறுவாயில், ரமணர் அதன் அருகே அமர்ந்து தலையைத் தடவிக்கொண்டிருந்தாராம். அத்தை பதில் பேசவில்லை.

பூனையின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாட்கள். சாத்தனூர் அணை மீனை உப்பின்றி வேகவைத்து, முள் நீக்கி, சிறுகச் சிறுகப் பல வேளை கொடுத்தோம். பால் வைப்பதே புண்ணியம் என்று எண்ணியிருந்தோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு உண்டாகும் என்று கால்நடை மருத்துவர் தடுத்துவிட்டார். சாமான் அறையில் அட்டைப்பெட்டி வைத்து, பழைய வேட்டியை விரித்தோம். செல்லி அதை முகர்ந்து பார்த்துவிட்டு அகன்றது. அது தேர்ந்துகொண்ட இடம், மாதா சுரூபம் வைத்த எங்கள் செபப் பீடத்தின் அடி. தொங்கிய துணியின் மறைவில் இருளும் அமைதியும் இருந்தன. பெட்டியை அங்கேயே நகர்த்தினோம். அத்தை எங்களை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவே.

கார்த்திகை தீபத்தன்று காலையிலிருந்தே செல்லி உணவைத் தொடவில்லை. மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் தெரிந்ததும் ஊர் முழுவதும் வெடிச்சத்தம்; லட்சக்கணக்கான மக்கள்; வாகனங்களுக்குப் பாதைகள் யாவும் அடைப்பு. அந்த நேரத்தில்தான் அதற்கு வலி கண்டது. வலுவாக முக்கிற்று, குட்டி வரவில்லை. பத்து நிமிடம் கடந்தது, பதினைந்தாயிற்று. கைபேசியில் மருத்துவரைப் பிடித்தோம். "அரை மணிக்கு மேல் போனால் எப்படியாவது தூக்கி வாருங்கள். அதுவரை தொடாதீர்கள்" என்றார். எந்த வழியாகத் தூக்கிச் செல்வது? மகள் சற்றுத் தள்ளி நாற்காலியில் அமர்ந்து தன் வயிற்றைப் பற்றியபடி கடிகாரத்தையே நோக்கிக்கொண்டிருந்தாள். அத்தை ஜெபமாலையைக் கையிலெடுத்தார்.

இருபத்திரண்டாம் நிமிடத்தில் பின்னங்கால்கள் முதலில் தோன்றின. எங்களுக்கு உயிரே போயிற்று. பூனைகளுக்கு அது சகஜம் என்பதைப் பின்னரே அறிந்தோம். குட்டி வழுக்கி விழுந்தது. தாய் சவ்வை நக்கிக் கிழித்து, கொடியைக் கடித்து, நஞ்சையும் தின்றுவிட்டது. அடுத்த இரண்டும் எளிதாகவே பிறந்தன.

நான்காவது அசையவில்லை. தாய் களைத்திருந்தது. சவ்வை நாங்களே விலக்கி, வாயையும் மூக்கையும் துடைத்து, துண்டினால் நெடுநேரம் தேய்த்துப் பார்த்தோம். மூச்சு வரவில்லை. தோட்டத்துக் கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தபோது மகள் அழுதுகொண்டிருந்தாள். என்ன எண்ணி அழுகிறாள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆறுதல் சொல்லத் துணிவில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அத்தைதான் அவள் தலையைத் தம் மடியில் சாய்த்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் குட்டிகள் கண் திறந்தன. மறுநாளே செல்லி அவற்றை ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்வி அத்தையின் கட்டிலடிக்குக் குடிபெயர்த்தது. அத்தை வாய்விட்டுத் திட்டினார். ஆனால் கட்டிலை விட்டு அவற்றை எடுக்க எவரையும் விடவில்லை.

மார்கழி நடுவில் ஒரு விடியற்காலை மகளுக்கு வலி எடுத்தது. ஆட்டோ வந்து நின்றது. அவள் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து அனுப்பிய அத்தை, வண்டி நகரும் வேளையில் பின்னாலேயே வந்து கூப்பிட்டார்.

"செல்லிக்கு மீன் எங்கே வைத்திருக்கிறீர்கள்? சொல்லிவிட்டுப் போங்கள்!"