சித்தப்பா அனுப்பிய 50 வெள்ளி

  இன்னிக்கு அன்னதானக் கணக்கு இல்லை, எங்க வீட்டு விஷயம்.

கூலிம் பக்கத்துல எங்க தாத்தாவுக்கு ரெண்டரை ஏக்கர் ரப்பர் நிலம். 1960-களில் வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு வித்தப்போ நகைய வித்து வாங்கினது. அந்தக் காலத்துலதான் துன் சம்பந்தன், தொழிலாளிங்க பத்து பத்து வெள்ளியா போட்ட காசுல தோட்டம் வாங்க, 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சார். பிரிக்பீல்ட்ஸ் ரோட்டுல அவர் பேரைத் தினமும் பார்க்கிறோம்.

தாத்தா போய் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. கிராண்ட் இன்னும் அவர் பேர்லதான். மரம் வெட்டுறது 71 வயசு சித்தப்பா.

சிறு தோட்டக்காரங்களுக்கு அரசாங்கம் ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை கொடுக்குது, 2015-லிருந்து. கட்டிப்பால் விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினா வித்தியாசத்தைக் கட்டுவாங்க. 2023-ல் அந்த அளவு கிலோவுக்கு 2.70 வெள்ளி, 2024-ல் 3 வெள்ளி ஆச்சு. விலை 2.40-ன்னு வச்சுக்குங்க, 2.70 கணக்குல 30 காசு. 200 கிலோ வித்தா 60 வெள்ளி. ஆனா பெர்மிட் கார்டு வேணும், வித்த ரசீது வேணும்.

பெர்மிட்டுக்குப் போன சித்தப்பாகிட்ட நில ஆவணம் கேட்டாங்க. பேர் மாத்த நில அலுவலகத்துல சிறு சொத்து மனு போட்டார். விசாரணைக்கு வாரிசுங்க எல்லாரும் வரணும், இல்லாட்டி சம்மதம் எழுதித் தரணும். அப்பா இல்லாததால அவர் பங்குக்கு நாங்க மூணு பேர்.

நாங்க போகல. "இப்ப கையெழுத்து போட்டா நிலம் முழுக்க அவருக்குப் போயிடும்"னு பேசிக்கிட்டோம். ஃபேக்டரில ஒரு பாரத்துல கையெழுத்து இல்லாட்டி லைனையே நிறுத்துறவங்க நாங்க. அவர் வயித்துப்பாட்டுக்கான கையெழுத்தை நாலு வருஷம் இழுத்தோம். அதுக்குள்ள அத்தை தவறிட்டாங்க. இப்ப அவங்க பிள்ளைங்க மூணு பேரும் சேரணும்.

போன பங்குனி உத்திரத்துக்கு உபயக்காரர் பட்டியல் எழுதுறோம். வழக்கம் போல சித்தப்பா அன்னதானத்துக்கு 50 வெள்ளி அனுப்பியிருந்தார். ஒரு வருஷமும் தவறினதில்ல. அவர் பேரை எழுதும்போது கை நின்னுடுச்சு. அவருக்குக் கிடைக்க வேண்டியதை நாங்க தடுத்து வச்சிருக்கோம். அவர் எங்க கோயில்ல சோறு போடுறார்.

அடுத்த விசாரணைக்கு மூணு பேரும் கூலிம் போனோம், அத்தை பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு. சித்தப்பா ஒரு வார்த்தை குறை சொல்லல. "சாப்பிட்டீங்களா?"ன்னுதான் கேட்டார். உத்தரவு இன்னும் கைக்கு வரல. வந்ததும் பெர்மிட். போன மாசங்களோட காசு போனதுதான்.

உங்க வீட்டுலயும் தாத்தா பேர்ல கிராண்ட் தூங்குதா? ஞாயிறு காலை பூஜை முடிஞ்சு மடப்பள்ளிப் பக்கம் வாங்க. பாரத்தை உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். பெரியவங்க இருக்கும்போதே முடிச்சிடுங்க.

முருகா சரணம்.