முன்பணம்

நான் கதை எழுதுறவன்னு தெரிஞ்சா ஹாஸ்டல்ல யாரும் "என்ன கதை?"ன்னு கேக்க மாட்டாங்க. "எவ்ளோ குடுப்பாங்க?" அதுதான் முதல் கேள்வி. தப்பில்ல. நாலு வருஷமா எல்லாத்தையும் எல்பிஏ-ல அளந்து பழகினவங்க நாம. அதனால பதிலையும் கணக்காவே சொல்லிடறேன்.

தமிழ்ல ராயல்டி பொதுவா புத்தக விலையில பத்து சதவீதம். 200 ரூபாய் புத்தகம்னா பிரதிக்கு 20 ரூபாய். 500 பிரதி வித்தா 10,000. ரெண்டு வருஷம் உட்கார்ந்து எழுதின நாவலா இருந்தா மாசத்துக்கு நானூறு சொச்சம் வரும். கேட் எதிர்ல இருக்கிற டீக்கடையில என் பாக்கியே அதைவிட அதிகம். போன வருஷம் ஒரு சிற்றிதழ்ல என் கதை வந்தப்போ சன்மானமா ரெண்டு பிரதி அனுப்பினாங்க. குறை சொல்லல. அந்த ஆசிரியரே கைக்காசைப் போட்டுத்தான் இதழ் நடத்துறார்.

அப்போ எழுத்தாளர்கள் எப்படித்தான் வாழ்ந்தாங்க? நாலாவது செமஸ்டர் முழுக்க எனக்கு இதே யோசனை. புதுமைப்பித்தன் பத்திரிகை வேலை பார்த்தார், அப்புறம் சினிமாவுக்கு எழுதப் போனார். காசநோயில் 1948-ல் இறந்தபோது வயது 42. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 1966-ல் அதை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் நம்பி இறங்கினார். குடும்பத்தோட சென்னையில அப்படி இறங்க எவ்வளவு தைரியம் வேணும்னு ஹாஸ்டல் ரூம்ல படுத்துக்கிட்டு யோசிச்சா வயித்தைக் கலக்குது.

நம்ம ஆளுங்க உடனே சுஜாதாவைக் காட்டுவாங்க. குரோம்பேட்டை எம்ஐடி, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ், வாக்குப்பதிவு எந்திரம், கூடவே இத்தனை நாவல். "அவரும் எலக்ட்ரானிக்ஸ், நீயும் எலக்ட்ரானிக்ஸ், அப்புறம் என்னடா?" ஆறுதலான உதாரணம்தான், ஆனா ஆளை ஏமாத்துற உதாரணமும் கூட. அந்த வேகம் எத்தனை பேருக்கு வரும்? எனக்கு நாஞ்சில் நாடன் பக்கம்தான் மனசு சாயுது. கணிதம் படிச்சுட்டு, பம்பாய்க்குப் போய், விற்பனைப் பிரதிநிதியா பையைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சவர். அந்த அலைச்சலுக்கு நடுவுலதான் 'தலைகீழ் விகிதங்கள்' வந்துச்சு. சாகித்ய அகாதெமி விருது வந்தது 2010-ல்.

நேரம் கிடைக்கிறதில்லன்னு எழுதுறவங்க எல்லாரும் புலம்புவாங்க. எனக்கு அது பெரிய விஷயமாப் படல. ரெக்கார்ட் நோட் எழுத ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிக்கிறவனுக்குக் கதை எழுதவா முடியாது? என்னோட சிக்கல் வேற இடத்துல இருக்கு.

வெளிநாட்டுல பெரிய பதிப்பகங்கள் புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே எழுத்தாளருக்கு அட்வான்ஸ் கொடுக்கும்னு படிச்சப்போ எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. எங்க ஊர் பள்ளிபாளையம். அங்க அட்வான்ஸுன்னா, முன்பணம்னா, ஒரே அர்த்தம்தான். தறிப்பட்டறை முதலாளிகிட்ட மொத்தமா ஒரு தொகை வாங்கிட்டு, அது தீர்ற வரைக்கும் அவர் பட்டறையிலேயே தறி ஓட்டணும். கூலியில பிடிச்சுக்குவாங்க. நடுவுல ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தா மறுபடி வாங்கணும். அது தீரவே தீராது. எங்க சித்தப்பா ஒருத்தர் முடியாம ஒரு ராத்திரி குடும்பத்தோட ஊரை விட்டே கிளம்பிட்டார். அப்போ நான் எட்டாவது. மறுநாள் காலையில அந்தப் பட்டறை ஆளுங்க எங்க வாசல்ல வந்து நின்னதுதான் நான் எழுதின கதை.

நான் எழுதினதுலேயே உருப்படியானது அதுதான்னு எனக்குத் தெரியும். ஒரு இதழ்லயும் கேட்டிருக்காங்க. பொங்கல் லீவுல அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு அம்மா சொன்னது: "எழுது சாமி, வேண்டாங்கல. இத மட்டும் இப்பப் போடாத. உம்பட காலேஜுக்கு அவருகிட்டதான வாங்கியிருக்கறோம்." அப்பா ஒண்ணும் சொல்லல. ஃபேனைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

முதல் பட்டதாரி சலுகை போக, ஹாஸ்டலுக்கும் மத்ததுக்கும் முதல் வருஷம் வாங்கின முன்பணம் 1,20,000. கொடுத்தது, கதையில வர்ற அதே முதலாளி.

ரூம்மேட் சொன்னான், "புனைபெயர்ல போட்டுடு. சுஜாதாவே மனைவி பேர்லதானே எழுதினார்?" அவர் பேரை மாத்தினது, அப்போ இன்னொரு ரங்கராஜன் எழுதிக்கிட்டு இருந்ததால. எங்க தெருவுல பேரை மாத்தி என்ன பிரயோஜனம்? கதையில வர்ற வேப்பமரத்தை வெச்சே வீட்டைக் கண்டுபிடிச்சிடுவாங்க.

பயம் சும்மா வரல. திருச்செங்கோடு எங்களுக்குப் பக்கத்து ஊர். 2010-ல் வந்த 'மாதொருபாகன்' நாவலுக்கு 2014 கடைசியில எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரியில கடையடைப்பு வரைக்கும் போனப்போ நான் ஆறாவது. எழுத்தாளரா இனி தான் இல்லைன்னு பெருமாள்முருகன் முகநூல்ல அறிவிச்சுட்டு, இடமாற்றம் வாங்கிக்கிட்டுச் சென்னைக்குப் போனார். 2016 ஜூலையில உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. அவர் அப்போ அரசுக் கல்லூரிப் பேராசிரியரா இருந்தவர், நாடு முழுக்கத் தெரிஞ்சவர். அவருக்கே ஊர்ல இருக்க முடியல. என் அப்பா அம்மாவுக்குப் போக வேற எந்தப் பட்டறை இருக்கு?

சித்தப்பாகிட்டயும் கேக்கணும்னு தோணுச்சு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கார். போன்ல விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "என்னைய நல்லவனா எழுதியிருக்கறயா?"ன்னார். நல்லவனாவும் இல்ல, கெட்டவனாவும் இல்ல சித்தப்பான்னேன். "அப்பச் செரி."

எனக்கு ஆறாவது செமஸ்டர் முடிஞ்சதும் பிளேஸ்மென்ட் ஆயிடுச்சு. 3.6 எல்பிஏ. ஜூலையில சேரணும். வேலை கிடைச்சா எழுத்து போயிடும்னு சீனியர் ஒருத்தர் எச்சரிச்சார். எனக்கு அப்படித் தோணல. என் கதைக்குக் குறுக்க நிக்கிறது வேலை இல்ல, கடன். ரூம் வாடகை, சாப்பாடு போக மாசம் 8,000 அனுப்பினா பதினஞ்சு மாசத்துல முன்பணம் தீரும். அது வரைக்கும் பொறுக்க முடியுமான்னு அந்த இதழுக்கு எழுதிக் கேட்டேன். பொறுக்கலாம்னு பதில் வந்துச்சு. இந்தக் கட்டுரையும் என் பேரில்லாம வர்றது அதனாலதான். ஒத்துக்கிட்ட நம்ம ஆசிரியர் குழுவுக்கு நன்றி.

பதினஞ்சு மாசம் கழிச்சும் அந்தக் கோபம் அப்படியே இருக்குமா, இல்ல மாசச் சம்பளம் வாங்கினதும் கதையே வேற யாரோ எழுதினது மாதிரி ஆயிடுமா? ராத்திரி தூக்கம் வராதப்போ இதைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

போன வாரம் அம்மா போன் பண்ணாங்க. சாப்பிட்டியா, துணி தொவச்சியா எல்லாம் கேட்டு முடிச்சுட்டு, தானாவே கதைக்கு வந்தாங்க. "அந்தத் தறி நிக்கற எடத்துல ஒண்ணு சேத்திக்க. ஊடு நூல் அறுந்தா தறி தானா நின்னுக்கும். பாவு நூல் அறுந்தா நிக்காது, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டேதான் இருக்கும். நாமதான் பார்த்து நிறுத்தோணும்." சேத்துட்டேன். கதை இப்போ பன்னெண்டு பக்கம்.