எண்ணும் அங்குலமும்

ஆவடியில் நம் படைவீரர்க்குச் சீருடை தைக்கும் மத்திய அரசின் ஆலை 1961ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. ஊரார் அதனைச் சுருக்கமாக ஓ.சி.எஃப். என்றே வழங்குவர். 2021 அக்டோபர் முதல் நாளன்று படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, இவ்வாலை ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் என்னும் நிறுவனத்தின் கீழ்ச் சென்றது. பெயர்ப்பலகை மாறியதேயன்றி வேலை மாறவில்லை. எல்லையில் நிற்கும் வீரனை ஆவடியில் தைப்பவர் கண்டதில்லை. கண்டிராத ஒருவனுக்கு உடை பொருந்துகிறது என்றால், எண்ணுக்கும் அங்குலத்துக்கும் இடையே ஓர் உடன்பாடு இருப்பதே காரணம். இன்ன எண்ணுக்கு மார்பு இவ்வளவு, நீளம் இவ்வளவு என்று முன்னரே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

அதே ஆவடியின் கடைத்தெருவில் ஒரு பெண் சுடிதார் வாங்கப் புகுவாளாயின், இத்தகைய உடன்பாடு எதுவும் அவளுக்குக் கிடையாது.

சென்ற நோன்புப் பெருநாளுக்காக நம் மகளுக்கு மூன்று கடைகளில் மூன்று உடைகள் வாங்கினோம். ஒன்றில் ‘எல்’ என்றும், மற்றொன்றில் ‘எக்ஸ்எல்’ என்றும், மூன்றாவதில் ‘டபுள் எக்ஸ்எல்’ என்றும் சீட்டு இருந்தது. மூன்றும் அவளுக்குப் பொருந்தின. வீட்டில் பாயை விரித்து, மூன்றையும் பரப்பி, தையற்பெட்டியிலிருந்த நாடாவை எடுத்து மார்புச் சுற்றை அளந்தோம். முதலிரண்டும் 41 அங்குலம். மிகப் பெரியதென்று பெயர் பெற்ற மூன்றாவது உடையோ, அவற்றைவிட அரை அங்குலம் குறைவு!

நகைத்துவிட்டு விட்டுவிடலாம் என்றே நாம் கருதினோம். ஆனால் அந்த மூன்றாவது கடையில் விற்பனைக்கு நின்ற பெண், “உங்களுக்கு ‘எல்’ எல்லாம் ஏறாது அக்கா, டபுள் எக்ஸ்எல்தான்” என்று பலர் கேட்கச் சொல்லியிருக்கிறாள். அன்று மாலை நோன்பு திறந்தபின் மகள் கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். ஸஹருக்கு எழுந்தவள் தண்ணீர் அருந்தியதோடு படுத்துவிட்டாள். இப்படி நான்கு நாள். அவளுடைய உம்மா கெஞ்சியும் பயனில்லை. நாடாவைக் கொண்டு அளந்து காட்டிய பின்னரே உணவுத்தட்டு காலியாயிற்று. தொழிற்சாலையில் யாரோ ஒருவர் ஒட்டிய ஒரு விரற்கடைச் சீட்டு, ஒரு வீட்டின் அடுக்களைக்குள் இவ்வளவு தொலைவு வந்துவிட முடிகிறது. ஆடை பொருந்தாவிட்டால் ஆடவர் கடைக்காரரைக் கடிந்துகொள்கின்றனர். பெண்களோ தம் உடலைக் கடிந்துகொள்கின்றனர். இதை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம்.

இந்தக் குளறுபடி எங்கிருந்து வருகிறது என்று கேட்டறிய நமக்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. நம் தங்கை மகள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் ஏற்றுமதி ஆடைக் கூடத்தில் அளவு சரிபார்க்கும் பணியில் இருக்கிறாள். 1960களில் உருவான அப்பேட்டையில் இயந்திர உறுப்புகளுக்கு அடுத்தபடியாகப் பெண்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று வருவது தையற்கூடங்களுக்குத்தான். “வாங்குற கம்பெனி அனுப்புற பட்டியல்ல என்ன போட்டிருக்கோ, அதுதான் எங்களுக்கு அளவு மாமா. ஆளைப் பார்த்து யார் தைக்கிறாங்க?” என்றாள் அவள்.

அவள் விளக்கியதிலிருந்து நாம் அறிந்துகொண்டவை பல. ஒரே உடை அமெரிக்காவுக்குப் போனால் 8, இங்கிலாந்துக்குப் போனால் 12, ஜெர்மனிக்குப் போனால் 38. உடல் ஒன்றே, எண்கள் மூன்று. உள்நாட்டில் விற்கும் குர்த்தாக்களில் 40 என்று இருந்தால், சில நிறுவனத்தார்க்கு அது அணிபவளின் மார்பளவு. வேறு சிலர்க்கு அது துணியின் சுற்றளவு. கை தூக்கவும் மூச்சு விடவும் இரண்டு முதல் நான்கு அங்குலம் தளர்ச்சி வேண்டுமன்றோ? அந்தத் தளர்ச்சியை எண்ணுக்குள் சேர்த்தாரா, வெளியே விட்டாரா என்பதைச் சீட்டு சொல்வதில்லை.

அடுத்தது, ஒரு நடுத்தர அளவில் முதலில் மாதிரி வெட்டி, அதிலிருந்தே மற்ற அளவுகளை ஏற்றியும் இறக்கியும் வரைகின்றனர். மார்பு இரண்டு அங்குலம் ஏறினால் தோளும் கையும் கழுத்தும் கணக்குப்படி உடன் ஏறும். ஆனால் பிள்ளை பெற்று இடை பருத்த பெண்ணுக்குத் தோள் எலும்பு வளர்ந்துவிடுமா? ஆகவேதான் பெரிய அளவு எடுப்பவர்க்குத் தோள் நழுவுகிறது; சிறிய அளவு எடுத்தால் வயிறு பிடிக்கிறது. போதாக்குறைக்கு, பல அடுக்குத் துணியை ஒருசேர வெட்டுகையில் அடுக்குகள் நழுவுவதுண்டு. அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் பல கூடங்களில் தள்ளுபடி இல்லை. ரேயான் துணியாயின் முதல் சலவையிலேயே சுருங்கும். ஏற்றுமதியில் மிஞ்சிய உடைகள், பல நேரம் சீட்டு கத்தரிக்கப்பட்டு, உள்ளூர்க் கடைகளில் குவியலாகக் கிடக்கின்றன. மலிவு என்று அள்ளுகிறோம்.

மேலைநாட்டார் இதனைச் சீர்செய்ய முயலாமல் இல்லை. 1939, 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வேளாண்மைத் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுத்து, 1941இல் நூலாக வெளியிட்டது. கணக்கில் வெள்ளையர் அளவுகளை மட்டுமே சேர்த்தனர் என்பது அதன் பெருங்குறை. 1958இல் தர அளவுப் பட்டியல் வந்தது. அதன்படி எட்டாம் எண்ணுக்கு மார்பு 31 அங்குலம். ஆனால் வாங்குபவள் மனம் குளிரட்டும் என்று கடைக்காரர்கள் பெரிய உடைக்குச் சிறிய எண்ணை ஒட்டத் தலைப்பட்டனர். 1983இல் அரசுப் பட்டியல் கைவிடப்பட்டது. பின்னாளில் வெளிவந்த பட்டியல்களில் அதே எட்டாம் எண் ஏறத்தாழ ஐந்து அங்குலம் அகன்றிருந்தது. அங்கே முகத்துதிக்காக எண்ணைக் குறைத்தனர். இங்கே அவரவர் விருப்பம்போல் இடுகின்றனர். இரண்டிலும் அங்குலம் காணாமற்போயிற்று.

நம் நாட்டில் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவோடு நிஃப்ட் நிறுவனம் 2018இல் ‘இந்தியா சைஸ்’ என்னும் அளவெடுப்பை அறிவித்தது. 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரைக் கருவிகொண்டு அளப்பது திட்டம். அதற்குத் தேர்ந்த ஆறு நகரங்களுள் சென்னை இல்லை. நல்ல முயற்சியே. எனினும் பட்டியல் எத்துணைச் சிறந்ததாயினும், அதனைச் சீட்டில் அச்சிட வேண்டியவர் வணிகர். மார்பு, இடை, நீளம் என மூன்று எண்களைச் சென்டிமீட்டரில் அச்சிட மை எவ்வளவு செலவாகிவிடும்? ஆடவர் கால்சட்டையில் இடுப்பு அங்குலம் எழுதப்பட்டிருக்கிறது. அதிலும் பொய்யுண்டு என்பர், இருக்கட்டும். வளைகுடாவிலிருந்து நம் வீடுகளுக்கு வரும் அபாயாக்களில் 52, 54, 56 என்றுள்ள எண்கள் நீள அங்குலத்தையே குறிப்பன. நம் இல்லத்தரசியார் கண்ணை மூடிக்கொண்டு 54 என்று சொல்லியனுப்புகிறார், வருகிறது, பொருந்துகிறது. அகலத்தைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாதுதான். ஆயினும் அது சொல்லும் ஒன்று மெய்யாக இருக்கிறது.

சேலை கட்டிய தலைமுறைக்கு இத்தொல்லை இல்லை. ஐந்தரை மீட்டர் துணி எவர் உடலையும் கேள்வி கேட்பதில்லை. ரவிக்கைக்குத் தையற்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுத்தால் முடிந்தது. பூந்தமல்லியில் நம் குடும்பத்துக்கு முப்பது ஆண்டுகளாகத் தைத்துவரும் பெரியவர் ஒருவரின் நோட்டுப் புத்தகத்தில் நம் வீட்டுப் பெண்கள் மூவரின் அளவுகளும் ஆண்டுவாரியாக உள்ளன. எண் கூடினாலும் அவர் முகம் மாறாது. பென்சிலால் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதுவார். ஆனால் ஆயத்த உடையின் விலை அவருடைய கூலிக்கே போதாது என்றாகிவிட்ட காலத்தில், பழைய வாடிக்கையாளர் எத்தனை பேர் மிஞ்சுவர்? இப்போது அவர் கடைவாயிலில் ‘ஆல்டரேஷன் செய்து தரப்படும்’ என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். நாளெல்லாம் பிறர் தைத்ததைப் பிடித்தும் சுருக்கியும் கொடுப்பதே வேலை.

மகளின் உடைகளில் ஒன்று கையில் இறுகுகிறதென்று நம் இல்லத்தரசியார் அவரிடம் கொண்டு சென்றார். பெரியவர் உடையை உட்புறம் திருப்பி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தையலோரத்தை விரலால் தடவினார். அவர் தைக்கும் உடைகளில் அங்கே எப்போதும் ஓர் அங்குலத் துணி மடித்து விடப்பட்டிருக்கும். பெண் வளர வளரப் பிரித்துக்கொள்ளலாம். இதில் கால் அங்குலம்கூட இல்லை. ஓரம் இயந்திரத்தால் நறுக்கப்பட்டிருந்தது.

“பிரிச்சு விட உள்ளே துணியே இல்லையே, பாயம்மா” என்று உடையைத் திருப்பிக் கொடுத்தார்.