ஏட்டில் கிடைத்த சுரைக்காய்

லண்டனில் நான் அறிந்த தமிழ் வீடுகளில் சுக்கினிக்கு ஒரே சமையல்தான். தமிழ்நாட்டார் வீடென்றால் கடலைப்பருப்பு போட்ட கூட்டு, யாழ்ப்பாணத்தார் வீடென்றால் பால்கறி. ஏன் இப்படி என்று கேட்டால், "சுரைக்காய் மாதிரித்தானே?" என்பார்கள். ஆங்கிலேயர் கோர்ஜெட் என்று சொல்லும் இந்தக் காயை வீட்டின் பின்புறம் வளர்க்கத் தொடங்கிய பிறகு அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. செடியிடம் சுரையின் சாயல் இல்லை. சுரை அந்தியில் வெள்ளைப் பூ விரிக்கும். இதன் பூ நல்ல மஞ்சள். விடியலில் விரிந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும். சுரைக்குப் பந்தல் வேண்டும். இது ஓரிடத்திலேயே புதராக அகன்று, மூன்றடி நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். இலை, பூ, காம்பு எல்லாம் பரங்கியின் உறவைச் சொல்கின்றன. அப்படியானால் அடுப்பங்கரையில் மட்டும் இது எப்படிச் சுரைக்காயானது? அதைத்தான் தேடினேன்.

இங்கிலாந்தில் தேட அதிகமில்லை. 19ஆம் நூற்றாண்டிலிருந்து இங்குள்ள தோட்டங்களில் விளைந்தது இதே இனத்தின் மாரோ, பெரிதாக வளரவிட்டுப் பறிக்கும் காய். பிஞ்சிலேயே பறித்துச் சமைக்கும் வழக்கம் பரவியதில் எலிசபெத் டேவிட் என்ற சமையல் எழுத்தாளருக்குப் பெரும் பங்குண்டு. மத்தியதரைக் கடல் நாடுகளின் உணவைப் பற்றிய அவருடைய முதல் நூல் 1950இல் வந்தது. போர்க்கால ரேஷன்கூட அப்போது முடியவில்லை.

இத்தாலியக் காய் என்பதால் அடுத்து பண்டைய ரோமானியரிடம் போனேன். அவர்கள் உண்டது சுரைக்காய், நம் சுரைக்காயேதான். ஆப்பிரிக்காவில் பிறந்து பழைய உலகம் முழுக்கப் பரவிய கொடி அது. சுக்கினி, பரங்கி வகைகளின் முன்னோர்கள் எல்லாம் அமெரிக்கக் கண்டத்துக்காரர்கள். 1492இல் கொலம்பஸ் கடல் கடக்கும்வரை ஐரோப்பியர் யாரும் அவற்றைப் பார்த்ததில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஊரில் சொல்வார்கள். என் தேடலில் கைகொடுத்தது ஏட்டுச் சுரைக்காய்தான். தெரசா லஸ்ட், ஹாரி பாரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான இத்தாலிய வேளாண் நூல்களையும் சமையல் நூல்களையும் திரட்டி, பிஞ்சுக்காய் பற்றிய குறிப்புகளைத் தேடிப் படித்து 2016இல் எழுதினார்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கப் பரங்கியினங்கள் இத்தாலியச் சமையலறைக்குள் வந்துவிட்டன. அடுத்த அரை நூற்றாண்டில், பல நூறு ஆண்டுகளாக நீளச் சுரைப்பிஞ்சு இருந்த இடத்தைப் புதுக்காயின் நீளப் பிஞ்சு பெருமளவு எடுத்துக்கொண்டது.

இதைப் படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்கப்போவதில்லை. "சுரைக்காய் மாதிரித்தானே" என்ற எங்கள் பெண்களின் பேச்சு, நானூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலிய அடுப்பங்கரையில் நடந்துமுடிந்த காரியம். பிஞ்சில் பறிப்பது, சீவுவது, வதக்குவது எல்லாம் சுரையிடம் பழகிய கைகள். விதை மட்டும் புதிது. லண்டன் கடையில் நல்ல சுரைக்காய் கிடைக்காத நாளில் நம்மவர்கள் செய்வதும் இதுதான்.

ரோமுக்குப் போக வாய்த்தபோது ஃபர்னெசினா மாளிகையைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை. டைபர் ஆற்றங்கரையில் அகோஸ்தினோ கீஜி என்ற வங்கியாளர் கட்டிய வீடு அது. அதன் கூடத்து மேற்கூரையில் ரஃபேலும் அவர் பட்டறையினரும் க்யூபிட், சைக்கி கதையைத் தீட்டியிருக்கிறார்கள். வந்தவர்கள் தெய்வங்களைப் பார்த்தார்கள். நான் தெய்வங்களைச் சுற்றித் தொங்கும் காய்கனி மாலைகளைப் பார்த்தேன். 1515க்கும் 1518க்கும் இடையே அவற்றை வரைந்தவர் ஜியோவன்னி தா ஊதினே. சுரைக்காய் இருக்கிறது, வெள்ளரி இருக்கிறது. அவற்றோடு அதே மாலையில் அமெரிக்கப் பரங்கிகளும் மக்காச்சோளக் கதிரும். கொலம்பஸ் கடல் கடந்து கால் நூற்றாண்டுகூட நிறைவதற்கு முன் தொடங்கிய ஓவியம்! பெயரும் பூர்வீகமும் கேட்காமல் பழைய காயோடு புதுக்காயைச் சேர்த்துக் கட்டிய அந்த ஓவியன்மேல் எனக்குத் தனி அன்பு வந்துவிட்டது.

ஆனால் அங்கே தொங்கியவற்றில் சுக்கினி இல்லை, இருக்கவும் முடியாது. தலையிலிருந்து அடிவரை ஒரே பருமனாக, அடர்ந்த நிறத்தில் வரும் இந்தக் காய் உருவானது மிலான் நகரைச் சுற்றிய தோட்டங்களில். 1901இல் மிலானில் வெளிவந்த ஒரு தோட்டக்கலை நூலின் வர்ணனையே அதற்கு முதல் சான்று என்று கருதப்பட்டுவந்தது. லஸ்ட்டும் பாரிஸும் அதை 1850ஐ ஒட்டிய காலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நம் சாம்பாரில் மிளகாய் சேர்ந்து எத்தனையோ தலைமுறைகளுக்குப் பிறகு பிறந்த காய்.

இனத்தின் வயதோ வேறு. மெக்சிகோவின் ஓஹாகா பகுதியில் கிலா நகிட்ஸ் என்ற குகையை 1966இல் கென்ட் ஃப்ளானரி அகழ்ந்தார். அங்கே கிடைத்த விதைகளை மறுபடி ஆராய்ந்த புரூஸ் ஸ்மித், மனிதர் பயிரிட்ட காயின் விதைகள் அவற்றில் உள்ளன என்றும் அவை சுமார் 10,000 ஆண்டுப் பழமையானவை என்றும் 1997இல் காட்டினார். மக்காச்சோளத்துக்கும் முந்திய பயிர். காட்டுக்காயின் சதை வாயில் வைக்க முடியாத கசப்பு என்பதால் மக்கள் முதலில் விரும்பியது விதையைத்தான் என்று கருதப்படுகிறது. அந்தக் கசப்பைப் பொருட்படுத்தாமல் தின்றவை யானைக்கு உறவான மாஸ்டடான் போன்ற பெருவிலங்குகள். ஃப்ளோரிடாவில் மாஸ்டடானின் பழஞ்சாணத்தில் காட்டுக்காயின் விதைகள் கிடைத்திருக்கின்றன. அந்த விலங்குகள் அழிந்தபின் விதை பரப்ப ஆளில்லாமல் போன இனத்தை மனிதர் கையிலெடுத்தார்கள். கசப்பில்லாத காயாகப் பார்த்துப் பார்த்து விதைக்கு விட்டார்கள்.

இது வெறும் பழங்கதை இல்லை என்பதை விதை சேர்ப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும். அழகுக்காக வளர்க்கும் சிறு குடுவைக் காய்கள் பலவும் இதே இனம்தான். பக்கத்துத் தோட்டத்தில் அது பூத்திருந்தால் தேனீ இரண்டையும் கலந்துவிடும். அந்த விதையிலிருந்து அடுத்த ஆண்டு வரும் காயில் குக்குர்பிட்டசின் என்னும் பழைய கசப்பு திரும்பலாம். வேகவைத்தாலும் அது போகாது; வயிற்றைப் புரட்டி ஆளைப் படுக்கவைத்துவிடும். சேர்த்த விதையில் வந்த காயென்றால் பச்சையாக ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, செடியையே பிடுங்கிவிடுங்கள்.

கலப்பைத் தடுக்க வழி இருக்கிறது. மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் மாலையிலேயே நூலால் கட்டிவைக்க வேண்டும். அடியில் விரலளவு பிஞ்சு இருப்பது பெண். காலையில் கட்டை அவிழ்த்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, திரும்பவும் கட்டிவிடலாம். கலப்பின விதை வாங்கி நட்ட செடியென்றால் அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. பழைய நாட்டு ரகமாகப் பார்த்து நடுவது நல்லது. ஒரு காய் முற்றத் தொடங்கினால் செடி புதுப்பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், விதைக்கென்று ஒரு செடியை ஒதுக்கிவிட வேண்டும். மிலான் தோட்டக்காரர்கள் நேராகவும் ஒரே பருமனாகவும் காய்த்த செடியை அப்படி ஒதுக்கியிருப்பார்கள். எங்கள் வீட்டில் ஜூலை முழுக்க ஒவ்வொரு செடியின் காயையும் தனித்தனியே கூட்டு வைத்துப் பார்க்கிறோம். பருப்போடு வெந்தும் குழையாமல் நிற்கும் காய் எந்தச் செடியுடையதோ, அதன் பூவுக்குத்தான் நூல் கட்டுகிறோம்.